நூறு கோடியே ஏழு

கம்பெனிக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது, வாசலில் என்ன வைப்பது என்று அரங்கசாமிக்குத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டு மில் வாசலில் காங்கேயம் காளை ஒன்று வெண்கலத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் காம்பவுண்டு வால்வு கம்பெனிக்காரர் தன்னையே மார்பளவுச் சிலையாகச் செய்து வைத்துவிட்டார். தினமும் காலையில் காரை நிறுத்தி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். பிள்ளையாரோ எல்லார் வாசலிலும் ஏற்கனவே உட்கார்ந்தாயிற்று. அவிநாசி ரோட்டில் யாரிடமும் இல்லாத ஒன்றாக வேண்டும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் சின்னியம்பாளையம் ஸ்ரீ பங்காரு பம்ப்ஸ் வாசலில் அவர் வைத்தது ஒரு எண்.

அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய பயத்தைச் சொல்லியாக வேண்டும். அரங்கசாமிக்கு மூன்று மகன்கள். மூத்தவன் சசிதர் ஃபவுண்டரியைப் பார்த்தான், நடுவுள்ளவன் கிரிதர் மோட்டார் செக்‌ஷனை, இளையவன் சைதன்யா சேல்ஸை. மூவரும் நல்ல பிள்ளைகள். குடிக்க மாட்டார்கள், சீட்டாட மாட்டார்கள், அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அதுதான் அவருக்குப் பயம். பீளமேட்டில் அவரோடு வளர்ந்தவர்களின் வீடுகளிலும் இப்படி மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. ஒரு மில் இரண்டாகி, இரண்டு நாலாகி, நாலும் கல்யாண மண்டபமான கதைகள் அவருக்கு வரிசையாகத் தெரியும். அப்படிப்பட்ட மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால், இலை போட்ட இடத்தில் முன்பு எந்த மிஷின் ஓடியது என்று அவர் மனசு தேடும். சோறு இறங்காது. தன் கண் மூடும்வரை கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

பீளமேட்டில் ஒரே வீடு. மூன்று மாடி, மாடிக்கு ஒரு சமையலறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கீழே அவர் மனைவி பங்காரம்மாவின் அடுப்பு ஒன்றுதான் எரிய வேண்டும், எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது அரங்கசாமி போட்ட சட்டம். சட்டப்படி எல்லாரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள். பேச்சு வேண்டும் என்று சட்டத்தில் போட அவருக்குத் தோன்றவில்லை. வீட்டில் தெலுங்குதான், ஆனால் கணக்கு, வியாபாரம், சண்டை என்று வந்துவிட்டால் நாலு தலைமுறைக் கோயமுத்தூர் நாக்கு தானாகக் கொங்குத் தமிழுக்கு மாறிவிடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதுவும் பேசாத மேசையில், அரங்கசாமி இளைய மருமகளைப் பார்த்துக் கேட்டார். தேஜஸ்ரீ ஓர் இன்ஜினியரிங் காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தாள்.

"ஏன் அம்மணி, உம்பட படிப்புல யாராலயும் பிரிக்க முடியாத சாமான் ஏதாச்சும் இருக்குதா?"

"பகா எண் இருக்குதுங்க மாமா. ஒண்ணாலயும் அதாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. ஏழு, பதினொண்ணு, பதிமூணு அந்த மாதிரி."

அரங்கசாமி கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், இத்தனை வருஷம் எங்கேயோ கிடந்தது, இப்போதுதான் எதற்குப் படித்தோம் என்று விளங்கியது.

"ஏழு, பதினொண்ணெல்லாம் வேண்டாம். பார்க்கறவன் மலைக்கணும். இருக்கறதுலயே பெருசு எது?"

"முடிவே இல்லீங்க மாமா, போய்ட்டே இருக்கும். இதுவரைக்கும் கண்டுபிடிச்சதுல பெருசுக்கு நாலு கோடி இலக்கத்துக்கு மேல. ஒரு இலக்கம் ஒரு அடின்னு வெச்சு நட்டுட்டே போனா, இங்கிருந்து டில்லிக்கு ரெண்டு தடவை போய்ட்டு வந்தாலும் தீராது."

அரங்கசாமி ஒரு நிமிஷம் உண்மையாகவே அதற்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று கணக்குப் பார்த்தார். பிறகு, "நம்ம காம்பவுண்டுக்குள்ள அடங்கறதாச் சொல்லு," என்றார்.

தேஜஸ்ரீ சிரித்துக்கொண்டே சொன்னாள். "நூறு கோடியே ஏழுங்க மாமா."

ஒன்று, அதன்பின் எட்டு சுழி, கடைசியில் ஏழு. மொத்தம் பத்து இலக்கம். பேரைக் கேட்டதுமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. நூறு கோடி என்று தொடங்குகிற எதையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது ரொம்ப வேண்டிய எண் என்றும் தேஜஸ்ரீ சொன்னாள். விடை கட்டுக்கடங்காமல் பெரிதாகிவிட்டால் இதால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வார்களாம், ஈவைத் தூக்கி எறிந்துவிடுவார்களாம்.

"ஈவை வீசிப்போட்டு மீதியை வெச்சுக்கறதா? இது என்ன வியாபாரம் அம்மணி!" அரங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. பங்காரம்மாவும் சிரித்தாள். மகன்கள் மூவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் சொன்னாலும் சரக்கைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் அல்ல அரங்கசாமி. மறுநாள் ஆபீஸில் கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நீள்வகுத்தல் போட உட்கார்ந்தார். முதலில் மூன்றால் வகுத்தார், ஏனென்றால் அவருக்கு இருந்தது மூன்று மகன்கள். மீதி இரண்டு நின்றது. நெஞ்சு குளிர்ந்தது. ஏழால் வகுத்தார், ஆறு நின்றது. இப்படி எதுவரைக்கும் போவது என்று மருமகளுக்கு போன் போட்டுக் கேட்டார்.

"முப்பத்தோராயிரத்துச் சொச்சம் வரைக்கும் பார்த்தாப் போதுமுங்க மாமா. ஒரு எண்ணு ரெண்டு பங்காப் பிரியுதுன்னா அதுல சின்ன பங்கு அதுக்குள்ளதான் இருக்கும். அதுக்குள்ள இல்லைன்னா எங்கயும் இல்லை."

"பங்குன்னு வந்தாலே சின்னது பெருசுன்னு வந்துருது பாரு," என்று சொல்லி போனை வைத்தார். நூறு வரைக்கும் போவதற்குள் விரல் மரத்துவிட்டது. மிச்சத்தை மருமகளின் படிப்பை நம்பி விட்டுவிட்டார்.

ஃபவுண்டரி இன்சார்ஜ் தமிழ்வேந்தனைக் கூப்பிட்டு, ஓர் அடி உயரத்தில் இலக்கங்களை வார்த்துத் தரச் சொன்னார். கறுப்புக் கிரானைட்டில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும்.

"எட்டு சைபருங்களாங்கய்யா? ரொம்ப நல்லதுங்க. ஒரே பேட்டர்ன்ல எட்டும் வந்துரும்," என்றான் தமிழ்வேந்தன். அது என்ன நம்பர் என்று அவன் கேட்கவில்லை. முதலாளி வார்க்கச் சொல்கிறார், வார்க்க வேண்டியதுதான். வார்த்த இலக்கங்களை அரங்கசாமி விரலால் தடவிப் பார்த்தார். ஏழின் கொக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது கூட அழகாகத்தான் இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. விழாவுக்கு நாள் குறிக்க வெள்ளகோவிலுக்குப் போனார்.

வெள்ளகோவில் சாந்தாமணி எண்கணிதம் பார்ப்பவள். ஏசி அறை, சுழலும் நாற்காலி, சுவரில் நவக்கிரகம் மின்விளக்கில் எரியும். தொண்ணூறுகளின் கடைசியில் அவள் சொல்லித்தான் 'பங்காரு' என்பதன் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த வருஷம் மழை பொய்த்தது, கிணறெல்லாம் வற்றியது, அந்தியூரிலிருந்து கரூர் வரை ஆழ்குழாய் மோட்டார் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஊருக்கே பஞ்சம். அரங்கசாமி மட்டும் அந்த ஓர் எழுத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

நாள் குறித்து முடிந்ததும், வாசலில் வைக்கப்போவதைப் பெருமையாகச் சொன்னார். சாந்தாமணி எண்ணை வாங்கி எழுதிக் கூட்டினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணும் ஏழும் எட்டுங்க."

"ஆமாங்க."

"எட்டு சனீஸ்வரனுங்க. வாசல்லயா நிறுத்தறீங்க?"

அரங்கசாமிக்கு முதுகு வேர்த்தது, அந்த ஏசியிலும். இரண்டு தள்ளி ஒன்பதில் முடிகிற எண்ணும் பகா எண்தான் என்று தேஜஸ்ரீ ஒரு முறை சொன்னது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னார். சாந்தாமணி அதையும் கூட்டினாள். பத்து வந்தது, பத்து ஒன்றாயிற்று.

"ஒண்ணு சூரியனுங்க. வானத்துல ஒருத்தன்தான் இருக்க முடியும். உங்களுக்கு மூணு பசங்க. வேண்டாமுங்க." யோசித்தாள். "உங்களுக்கு ஒன்பதுதான் வேணும். ஒன்பது செவ்வாய். இரும்புக்கு அவந்தான், பூமிக்கு அவந்தான், கூடப்பொறந்த பொறப்புக்கும் அவந்தான். மூணு மூணா ஒன்பது பாருங்க, மூணு பசங்களுக்கும் சரிசமமா இருக்கும்."

"நம்பரு வார்த்தாச்சுங்களே."

"இத்தனை சைபரு இருக்குதே, அதுல கடைசி சைபரை எடுத்துப்போட்டு ஒண்ணு வைங்க. மொய் எழுதறப்ப நூறுன்னா எழுதறோம்? நூத்தியொண்ணுதானுங்களே. வெறும் சைபராவே உட்டா மங்களமுங்களா?"

அந்த வார்த்தை அரங்கசாமியின் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானே. பிறந்ததிலிருந்து அவர் கை ஒரு கல்யாணத்திலாவது சுழியில் முடிகிற மொய் எழுதியதில்லை. இவ்வளவு சுழியை வரிசையாக நிறுத்தும்போது இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன்மேலேயே கோபம் வந்தது. திரும்பி வரும் வழியிலேயே தமிழ்வேந்தனுக்கு போன் போட்டு இன்னோர் ஒன்று வார்க்கச் சொன்னார். நூறு கோடியே ஏழு, நூறு கோடியே பதினேழு ஆயிற்று.

புது எண்ணை அவர் எதாலும் வகுத்துப் பார்க்கவில்லை. முன்னது மருமகள் சொன்னது, அதனால் சோதித்தார். இது சாமி காரியம்.

அடுத்த ஞாயிறு மேசையில் விஷயத்தைச் சொன்னார். தேஜஸ்ரீ தயிர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, கூட்டுத்தொகை ஒன்பதுன்னா அது—"

"தேஜு," என்றான் சைதன்யா. "நைனாவுக்கு ரசம் ஊத்து."

"இல்லைங்க, பகா எண்ணுக்கு எப்பவும்—"

"ஒன்பது நல்ல நம்பருங்க நைனா," என்றான் சசிதர், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

"ரொம்ப நல்ல நம்பருங்க," என்றான் கிரிதர்.

அரங்கசாமி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு விஷயத்தில் மூன்று பேரும் ஒரே பேச்சாகப் பேசி எத்தனை காலமாயிற்று! எண்ணை இன்னும் நிறுத்தக்கூட இல்லை, அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, ரசம் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். பங்காரம்மா மட்டும் தேஜஸ்ரீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் தலையைக் குனிந்து சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள்.

பொன்விழா இருபத்தேழாம் தேதி நடந்தது. இரண்டும் ஏழும் ஒன்பது. காம்பவுண்டு முழுக்கப் பந்தல். கொடுமுடியிலிருந்து நாதஸ்வரம். டீலர்கள் அந்தியூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் வரிசையில் சாந்தாமணி மாம்பழக் கலர்ப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியும் வந்திருந்தார், துணியை விலக்கியதும் அவர் முகத்தில் ஒன்றும் புரியாத கலக்கம் தெரிந்தது. அரங்கசாமிக்கு அது போதுமானதாக இருந்தது.

மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் செலை வெச்சிருக்காங்க. செலையை ஒடைக்கலாமுங்க. இது நம்பரு. ஒலகத்துல எந்தக் கொம்பனாலயும் இதைப் பிரிக்க முடியாதுங்க. ஸ்ரீ பங்காரு பம்ப்ஸும் அப்படித்தானுங்க. என் மூணு பசங்களும் அப்படித்தானுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்று மகன்களையும் எண்ணுக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டபடி அந்தியூர் டீலர் ஒருவர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, வாசல்ல போட்டிருக்கற கஸ்டமர் கேர் நம்பருக்கு அடிச்சுப் பார்த்தேனுங்க. போகவே மாட்டேங்குதே?"

அரங்கசாமி இருந்த சந்தோஷத்தில் அவரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலையத் தொடங்கியபின், மத்தியான வெயில் சாய்கிற நேரத்தில், ஆபீஸ் அறையில் சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தார். பங்காரம்மா பட்டுப்புடவையோடு சோபாவில் காலை நீட்டியிருந்தாள். மூன்று மகன்களும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். எண்ணிலிருந்து ஒதுக்கிய இரும்புச் சுழி கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக் கிடந்தது. சைதன்யா அதைக் காலால் நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினான்.

சசிதர்தான் பேசினான். குரலில் அத்தனை பணிவு.

"நைனா, விழா முடியட்டும்னுதான் பொறுத்தோமுங்க. நாங்க மூணு பேரும் பேசி முடிச்சுபோட்டோமுங்க. ஃபவுண்டரி எனக்கு, மோட்டார் கிரிக்கு, சேல்ஸும் அன்னூர் இடமும் சைதுக்கு. சண்டையில்லை, சச்சரவில்லை. ஆளுக்கு ஆளு மனசு நெறைஞ்சு இருக்கறோமுங்க."

வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை உருவிப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சம்மதிக்கோணுமில்ல?"

மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிரிதர் ரொம்ப மெதுவாக நினைவுபடுத்தினான். வரி மிச்சமாகும் என்று ஆடிட்டர் சொன்னபோது, கம்பெனியின் பங்குகளை மூன்று பேர் பேரிலும் சமமாக எழுதி வைத்தது நைனாதான். அது நடந்து பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. கம்பெனியை முதலில் பிரித்தவர், பிரியக்கூடாது என்று இரும்பில் எண் வார்த்த அவரேதான்.

"அப்ப இன்னிக்கு நான் மைக்குல பேசினது?"

"நல்லாப் பேசினீங்க நைனா," என்றான் சசிதர். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் அதிகமாகச் சுட்டது.

"வீடு?"

"மூணு பேரும் தனி வில்லா பார்த்துட்டோமுங்க. பீளமேட்டு வீட்டைப் பில்டருக்குக் குடுத்துடலாம்னு. ஃபிளாட் கட்டினா மூணு பேருக்கும்—"

"நானும் உங்கம்மாளும்?"

இது அவர்கள் கணக்கில் வராத கேள்வி என்று மூன்று முகங்களிலும் தெரிந்தது. தொழிலை, மிஷினை, லாரியை, அன்னூர்க் கிணற்றைக்கூட யோசித்திருந்தார்கள். பிறகு கிரிதர் வெளிச்சம் கிடைத்தவனாக முகம் மலர்ந்தான்.

"அதிலென்னங்க நைனா, வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம். ஆளுக்கு நாலு மாசம். எந்த ஊட்டுக்கும் பாரமில்லை."

"சரியா வந்துருது பாருங்க," என்றான் சைதன்யா.

பங்காரம்மா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். தன் பேரில் ஓடுகிற கம்பெனியில் உட்கார்ந்து, தன்னை நாலு நாலு மாசமாக வகுப்பதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அரங்கசாமிக்கு அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பிள்ளைகளை நினைத்தா, தன்னை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை.

"போங்கப்பா. வந்த டீலருங்களைப் பார்த்து அனுப்புங்க," என்றார்.

அவர்கள் போனதும் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கவிழ்த்துப் போட்டார். நூறு கோடியே பதினேழு. மூன்றால் வகுத்தார். மூன்று, மூன்று, மூன்று என்று ஈவு இறங்கிக்கொண்டே வந்தது. கை வழுக்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் ஒன்பது வந்து, கீழே சுழி நின்றது. முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பது. ஆளுக்கு ஒன்று, மீதி எதுவுமில்லை.

கதவைத் திறந்து, வராந்தாவில் நின்றிருந்த தேஜஸ்ரீயைக் கூப்பிட்டார். தாளைக் காட்டினார்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க மாமா. கூட்டுத்தொகை ஒன்பது வந்தா எந்த எண்ணா இருந்தாலும் மூணால வகுபடும். பகா எண்ணா இருக்கவே முடியாது. அன்னிக்குச் சொல்ல வந்தேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "அவங்க மூணு பேருக்கும் தெரியுமுங்க. அஞ்சாங்கிளாஸ் கணக்குங்க மாமா அது."

அரங்கசாமி தலையாட்டினார். அவருக்கும் தெரியும். சர்வஜனப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டிப் பார், மூன்றால் வகுபடும் என்று பாடமாகவே ஒப்பித்திருக்கிறார். பிரியக்கூடாது என்றும் கேட்டார், ஒன்பது வேண்டும் என்றும் கேட்டார். இரண்டையும் ஒரே எண்ணிடம் கேட்டது அவர்தான். சாந்தாமணியைக் குறை சொல்ல வழியில்லை. மூன்று பேருக்கும் சரிசமமாக இருக்கும் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

"பழைய நம்பரை மூணால வகுத்தா என்ன நிக்கும், சொல்லு?"

"ரெண்டுங்க மாமா."

"ரெண்டு," என்றார் அவர். சோபாவில் பங்காரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், இந்தத் தடவை அவரும் பார்த்தார். "ஈவை வீசிப்போட்டு மீதியை வெச்சுக்குவாங்கன்னு சொன்னயல்ல அம்மணி. அன்னிக்குச் சிரிச்சுப்போட்டேன்."

எழுந்து, கதவோரம் கிடந்த இரும்புச் சுழியைத் தூக்கினார். கனமாகத்தான் இருந்தது. பங்காரம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். தமிழ்வேந்தன் ஓடி வந்து வாங்கப் பார்த்தான்; ஸ்பேனரை மட்டும் வாங்கிக்கொண்டு அவனைப் போகச் சொன்னார்.

வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தொழிலதிபர் அரங்கசாமி பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலையில் மாலை போட்ட கல்லிலிருந்து சாந்தாமணியின் ஒன்றைக் கழற்றினார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கழற்றிப் பழகிய கை, நட்டு இரண்டே இழுப்பில் விட்டுக்கொடுத்தது. பங்காரம்மா சுழியை ஏந்திப் பிடித்தாள், அவர் போல்ட்டை நுழைத்தார்.

மகன்கள் மூவரும் டீலர்களை அனுப்பிவிட்டு அங்கே வந்து நின்றார்கள்.

"நைனா, எட்டு ஆகாதுன்னு அந்தம்மா சொன்னாங்களே," என்றான் கிரிதர்.

"கம்பெனி உங்க பேர்ல இருக்குது, பிரிச்சுக்குங்க," என்றார் அரங்கசாமி, திரும்பிப் பார்க்காமல். "பீளமேட்டு ஊடு என் பேர்லயும் உங்கம்மா பேர்லயும் இருக்குது. அது கணக்குல சேராது. நாங்க ரெண்டு பேரும் யாரு ஊட்டுக்கும் வாரதில்லை. மூணால வகுத்த மீதி அங்கேயே இருக்கட்டும்."

சசிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தேஜஸ்ரீ பின்னாலிருந்து, "அண்ணா, விடுங்க," என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சுழி சரியாகப் பொருந்திவிட்டது, அதே பேட்டர்னில் வார்த்ததுதானே. நூறு கோடியே ஏழு மறுபடியும் வெயிலில் நின்றது. மகன்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேம்பாலத்தின் பக்கம் திரும்பின. பங்காரம்மா முந்தானையில் கையிலிருந்த துருவைத் துடைத்தாள்.

"ஏனுங்க," என்றாள். "வர்ற ஞாயித்துக்கெழமை எத்தனை பேருக்கு அரிசி போடட்டுங்க?"

அரங்கசாமி கடைசி நட்டை இன்னொரு சுற்று இறுக்கினார்.

"ரெண்டு பேருக்கு," என்றார்.